கிரைண்டர் கொக்கிக்கு ராயல்டி வருமா?

கோவையில் சிறிய லேத் பட்டறை நடத்தும் 43 வயது வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டு, சாரத்தை மட்டும் தருகிறேன்.

"எங்கம்மாவுக்கு மூட்டுவலிங்க. டேபிள் டாப் கிரைண்டர்ல மாவு ஆட்டி முடிச்சதும் உருளைக்கல்லைத் தூக்கி வெளிய வைக்கறதுக்கு ஒவ்வொரு தடவையும் யாரையாவது கூப்பிடணும்" என்று தொடங்குகிறது கடிதம். அதற்காக அவர் சென்ற ஆண்டு ஒரு கொக்கி செய்தார். கைப்பிடியில் மாட்டி இழுத்தால் கல் மேலே வந்துவிடும். அக்கம்பக்கத்தாருக்கும் உறவினருக்கும் 14 கொக்கிகளை, ஒன்று 350 ரூபாய் என்று விற்றார். ஒரு தொழிற்கண்காட்சியில் வைத்தார், வாட்ஸப்பில் வீடியோவும் போட்டார். இரண்டு மாதத்துக்கு முன் அதை மேம்படுத்தி, ஸ்பிரிங்கும் கேமும் (சுழலும்போது எதிரில் இருப்பதைத் தள்ளும், முழு வட்டமில்லாத சக்கரம்) சேர்ந்த பூட்டு ஒன்றைச் செய்திருக்கிறார். ஒரு கையால் லிவரை அழுத்தினால் கல் தானாக எழும்பி டிரம்மின் விளிம்பில் நிற்கும். கல்லில் ஒட்டிய மாவு டிரம்முக்குள்ளேயே வடிந்துவிடும். இந்த இரண்டாவது மாடலின் உள்ளே என்ன இருக்கிறது என்பது அவருக்கும், கம்ப்யூட்டரில் படம் வரைந்து கொடுத்த நண்பருக்கும் மட்டுமே தெரியும்.

இப்போது ஒரு கிரைண்டர் கம்பெனியின் மேலாளர், "ரெண்டு லட்சம் தர்றோம், எழுதிக் கொடுத்துடுங்க" என்கிறார். அடுத்த வாரம் சாம்பிளோடு வரச் சொல்லியிருக்கிறார். ஒரு ஏஜென்சி, 85,000 ரூபாய் கட்டினால் "உலக பேட்டன்ட்" வாங்கித் தந்து பெரிய கம்பெனிகளிடம் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறது. வாசகர் கையில் இருப்பது 60,000 ரூபாய். ராயல்டி மாதாமாதம் வந்தால் பட்டறையை மூடிவிட்டு, மகளின் கல்லூரிச் செலவை அதில் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். விற்பதா, ராயல்டியா? ஏஜென்சிக்குப் பணம் கட்டலாமா? நண்பரின் பெயரையும் சேர்க்கலாமா? இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரருக்கு,

முதலில் ஒரு அவசர வேலை. அடுத்த வாரச் சந்திப்புக்கு இரண்டாவது மாடலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். ஏன் என்பதை இனி வரும் பத்திகளில் சொல்கிறேன். சந்திப்பை மட்டும் இன்றே தள்ளி வைத்துவிடுங்கள்.

உங்கள் கடிதம் முழுக்க "ஐடியாவுக்கு ராயல்டி" என்று எழுதியிருக்கிறீர்கள். ஐடியாவுக்கு யாரும் ராயல்டி தருவதில்லை, சட்டமும் ஐடியாவைக் காப்பதில்லை. நிலத்தை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். ஒரு தோப்பைக் குத்தகைக்கு விட வேண்டுமென்றால் முதலில் பட்டா உங்கள் பெயரில் இருக்க வேண்டும், நாலு எல்லையும் தெளிவாக இருக்க வேண்டும். பேட்டன்ட் என்பது அந்தப் பட்டா. அதில் "கோரிக்கைகள்" என்று ஒரு பகுதி வரும். கிரயப் பத்திரத்தில் செக்குபந்தி எழுதுவோமே, அதே வேலையை இது செய்கிறது. எதுவரை உங்களுடையது என்பதை அந்த வாசகங்கள்தான் தீர்மானிக்கும். ராயல்டி என்பது அந்த எல்லைக்குள் வந்து தொழில் செய்பவர் தரும் குத்தகைப் பணம். (தமிழில் காப்புரிமை என்ற சொல் பேட்டன்ட், காப்பிரைட் இரண்டுக்கும் புழங்குகிறது. குழப்பம் வேண்டாம் என்று பேட்டன்ட் என்றே எழுதுகிறேன்.)

முதல் கொக்கி கைவிட்டுப் போனது

இதைச் சொல்ல வருத்தமாகத்தான் இருக்கிறது. நீங்கள் விற்ற 14 கொக்கிகளும், கண்காட்சியும், வீடியோவும் அந்த முதல் மாடலை ஊரறிந்த பொருளாக்கிவிட்டன. விண்ணப்பிக்கும் முன் வெளியே தெரிந்துவிட்ட எதற்கும் பேட்டன்ட் கிடைக்காது. தெரியப்படுத்தியது கண்டுபிடித்தவரே என்றாலும் இதுதான் விதி. அமெரிக்காவில் கண்டுபிடித்தவருக்கு ஓராண்டு அவகாசம் உண்டு என்று யாரோ உங்களிடம் சொன்னது சரி. நம் நாட்டில் அந்தச் சலுகை மிகக் குறுகியது. மத்திய அரசு அரசிதழில் அறிவித்த கண்காட்சி, அறிவியல் சங்கத்தில் வாசித்த கட்டுரை போன்ற சில சூழல்களுக்குத்தான் 12 மாத அவகாசம். நீங்கள் சொல்லும் கண்காட்சி அதில் வராது. காசுக்கு விற்றதற்கும் அவகாசம் கிடையாது.

இரண்டாவது மாடலின் நிலைமை வேறு. உள்ளமைப்பு இன்னும் வெளியே தெரியவில்லை என்கிறீர்கள். அதனால் வழி திறந்தே இருக்கிறது. ஆனால் இனி உங்கள் முதல் கொக்கியே உங்களுக்கு எதிர்க்கட்சி. "கொக்கி ஏற்கெனவே இருக்கிறது, ஸ்பிரிங் சேர்ப்பது இந்தத் தொழில் தெரிந்த யாருக்கும் தோன்றுவதுதானே" என்று பேட்டன்ட் அலுவலகத்தின் பரிசோதகர் கேட்பார். தெரிந்த சாமான்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றும் தன் பழைய வேலையையே செய்தால் அது கண்டுபிடிப்பாகாது என்று 1970ஆம் ஆண்டு பேட்டன்ட் சட்டத்தின் மூன்றாம் பிரிவு சொல்கிறது. உங்கள் பூட்டில் லிவரும் கேமும் ஸ்பிரிங்கும் ஒன்றை நம்பி ஒன்று இயங்குகின்றன. கல்லின் எடையே பூட்டை இறுக்குகிறது என்று கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். என் கண்ணுக்கு அந்த ஒரு வரிதான் உங்கள் சொத்து. விண்ணப்பம் அதைச் சுற்றித்தான் எழுதப்பட வேண்டும்.

அதற்கு முன் வில்லங்கம் பார்க்க வேண்டும். இந்தியப் பேட்டன்ட் அலுவலகத்தின் தேடுதளம் இலவசம், கூகுள் பேட்டன்ட்ஸும் இலவசம். கிரைண்டர் என்று மட்டும் தேடாமல் மிக்ஸர், சிமெண்ட் கலவை இயந்திரம், மாவு பிசையும் இயந்திரம் என்று எடையைத் தூக்கி நிறுத்தும் எல்லாவற்றிலும் தேடுங்கள். இரண்டு நாள் உட்கார்ந்தால் போதும். ஒத்த பொருள் கிடைத்தால் மனம் உடைய வேண்டாம். அதிலிருந்து உங்களுடையது எங்கே விலகுகிறது என்பதைக் குறித்து வையுங்கள், விண்ணப்பம் எழுதும்போது உதவும்.

உலக பேட்டன்ட் என்று ஒன்று இல்லை

எந்த அலுவலகமும் உலகம் முழுக்கச் செல்லும் பேட்டன்ட் தருவதில்லை. பிசிடி என்றொரு சர்வதேச ஏற்பாடு உண்டு. அதுவும் ஒரே விண்ணப்பத்தால் பல நாடுகளில் இடம் பிடித்து வைக்கும் வழிதான். பிறகு அந்தந்த நாட்டில் தனித்தனியாகப் போய், தனித்தனியாகக் கட்டணம் கட்டித்தான் வாங்க வேண்டும். அதைச் சொல்லாமல் 85,000 ரூபாய் கேட்பவரிடம் உங்கள் சேமிப்பைக் கொடுக்காதீர்கள். கம்பெனிகளிடம் சேர்த்துவிடுகிறேன் என்ற வாக்குறுதிக்கு முன்பணம் கேட்பதே எச்சரிக்கை மணி. உண்மையில் சேர்த்துவிட முடிந்தவர் வரும் ராயல்டியில் பங்கு கேட்பார்.

இன்னொன்றையும் யோசியுங்கள். உங்கள் பொருளுக்கு வெளிநாட்டுப் பேட்டன்ட் தேவைதானா? சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் நம்மவர்கள் வாங்கும் வெட் கிரைண்டர்களில் பெரும்பாலானவை கோவையிலும் அதைச் சுற்றியும்தான் செய்யப்படுகின்றன. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. இந்தியப் பேட்டன்ட் விற்பனையை மட்டுமல்ல, இந்தியாவில் செய்வதையே தடுக்கும் உரிமை. இங்கே செய்து ஏற்றுமதி செய்தாலும் உங்களிடம் அனுமதி வாங்கியாக வேண்டும். அதனால் இந்த ஒரு நாட்டுப் பேட்டன்டே உங்களுக்கு வெகுதூரம் வரும்.

செலவுக்கு வருவோம். தனிநபருக்கு இணையவழியில் விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாய். முழு விவரமும் தயாராகாவிட்டாலும் முதலில் தற்காலிக விவரக்குறிப்பு, அதாவது கண்டுபிடிப்பை விவரிக்கும் முதற்கட்ட ஆவணம், தாக்கல் செய்து தேதியைப் பிடித்துக்கொள்ளலாம். அன்றிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விவரக்குறிப்பு தர வேண்டும். பரிசோதனை கேட்கத் தனிநபருக்கு 4,000 ரூபாய். 2024 விதித் திருத்தத்துக்குப் பின் அதை முதலில் தாக்கல் செய்த தேதியிலிருந்து 31 மாதத்துக்குள் கேட்டாக வேண்டும். தவறவிட்டால் விண்ணப்பமே கைவிடப்பட்டதாகிவிடும். பேட்டன்ட்டின் ஆயுள் விண்ணப்ப நாளிலிருந்து 20 ஆண்டு. மூன்றாம் ஆண்டிலிருந்து ஆண்டுக் கட்டணம் உண்டு. தனிநபருக்கு அது 800 ரூபாயில் தொடங்கிக் கடைசி ஐந்து ஆண்டுகளில் 8,000 ரூபாய் வரை ஏறும்.

இவற்றோடு விவரக்குறிப்பு எழுதுபவரின் கட்டணமும் சேரும். அதில் மிச்சம் பிடிக்காதீர்கள். செக்குபந்தி தப்பாக எழுதிய பத்திரம் எதற்கும் உதவாது. பதிவு பெற்ற பேட்டன்ட் ஏஜென்ட்களின் பட்டியல் அரசுத் தளத்தில் இருக்கிறது. சென்னையில் தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றத்தின் பேட்டன்ட் தகவல் மையம் இருக்கிறது, அங்கேயும் கேளுங்கள். காந்திநகரில் உள்ள தேசிய புத்தாக்க அறக்கட்டளை, முறையான படிப்பின் துணையில்லாமல் தாமே உருவாக்குபவர்களுக்குப் பேட்டன்ட் எடுப்பதிலிருந்து கம்பெனிகளுக்கு உரிமம் தருவது வரை உதவுகிறது. உங்களைப் போன்றவர்களுக்காகவே ஏற்பட்ட இடம் அது.

கிரயமா, குத்தகையா

மேலாளர் கேட்பது கிரயம். இரண்டு லட்சத்தை வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தால் அதன்பின் உங்கள் பட்டறையில் நீங்களே அந்தப் பூட்டைச் செய்ய முடியாது. பல ஒப்பந்தங்களில் "இனி செய்யும் மேம்பாடுகள் அனைத்தும்" என்று ஒரு வரி நுழைந்திருக்கும். மூன்றாவது மாடல் உங்கள் தலையில் இருக்கும்போதே அதுவும் போய்விடும். அதற்காகக் கிரயம் கெட்டது என்று சொல்ல மாட்டேன். பேட்டன்ட் கிடைக்குமா என்பது உறுதியில்லை. கிடைத்தாலும் மீறுபவர் மேல் வழக்குப் போடுவது நீங்கள்தான், அரசு உங்களுக்காக வராது. அமெரிக்காவில் ராபர்ட் கேர்ன்ஸ் என்ற பொறியாளர் விட்டுவிட்டுத் துடைக்கும் கார் வைப்பரைக் கண்டுபிடித்து 1960களில் பேட்டன்ட் எடுத்தார். கார் கம்பெனிகளிடமிருந்து நியாயம் வாங்க அவருக்கு 1990கள் வரை ஆனது. ஃபோர்டு 1990இல் ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசம் செய்தது. அதற்குள் அவருடைய நல்ல வயதெல்லாம் வழக்கிலேயே கரைந்திருந்தது. வழக்காடும் தெம்பு இல்லாதவருக்குக் கையில் வரும் ரொக்கமும் ஒரு நியாயமான தேர்வுதான். ஆனால் இன்று, விண்ணப்ப எண்கூட இல்லாத நிலையில் சொல்லப்படும் இரண்டு லட்சம் உங்கள் பொருளின் விலையாக இருக்க முடியாது. விண்ணப்பித்துவிட்டுப் பேசுங்கள். அதே மேலாளர் வேறு தொகை சொல்வார்.

குத்தகை, அதாவது உரிமம் என்றால், "எத்தனை சதவீதம்" என்று எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். எதில் சதவீதம் என்பதுதான் அதைவிடப் பெரிய கேள்வி. ஒரு கணக்குப் பார்ப்போம். கிரைண்டர் ஆலை விலை 3,500 ரூபாய், அதில் உங்கள் பூட்டின் மதிப்பு 300 ரூபாய் என்று வையுங்கள். பூட்டின் மேல் 5 சதவீதம் என்றால் ஒரு கிரைண்டருக்கு 15 ரூபாய். முழுக் கிரைண்டரின் மேல் 2 சதவீதம் என்றால் 70 ரூபாய். ஆண்டுக்கு 5,000 கிரைண்டர் விற்றால் முதலாவது 75,000, இரண்டாவது 3,50,000. ஐந்து பெரிது, இரண்டு சிறிது என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டவர்களை நான் சந்தித்திருக்கிறேன். இந்த மாதிரி வீட்டுச் சாதனங்களில் நான் பார்த்த பேச்சுவார்த்தைகள் பெரும்பாலும் 2 முதல் 5 சதவீதத்துக்குள் முடிந்திருக்கின்றன. சதவீதக் கணக்கே வேண்டாம் என்றால் ஒரு கிரைண்டருக்கு இத்தனை ரூபாய், ஆண்டுக்கு இத்தனை உயர்வு என்று எழுதுவதும் நல்லது. தள்ளுபடி, டீலர் கமிஷன் என்று எதைக் கழித்தார்கள் என்ற சண்டை வராது.

உரிம ஒப்பந்தத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன் என்று சொல்பவை மூன்று. ஒன்று, ஆண்டுக்குக் குறைந்தபட்சத் தொகை. என்னிடம் வந்த ஒருவர் இது இல்லாமல் ஒரே கம்பெனிக்கு முழு உரிமம் கொடுத்துவிட்டார். அவர்கள் பொருளைச் செய்யவே இல்லை. போட்டியாளர் கைக்குப் போகக் கூடாது என்று வாங்கி மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டார்கள். ஐந்து ஆண்டு வேறு யாரிடமும் போக முடியாமல் அவர் தவித்தார். இரண்டு, இத்தனை மாதத்துக்குள் உற்பத்தி தொடங்காவிட்டால் உரிமம் தானாக ரத்து. மூன்று, ஆண்டுக்கு ஒருமுறை அவர்களுடைய விற்பனைக் கணக்கைப் பார்க்கும் உரிமை. உரிமமோ கிரயமோ எழுத்தில் இருந்தால்தான் செல்லும். அதைப் பேட்டன்ட் அலுவலகத்திலும் பதிய வேண்டும்.

வருமான வரியில் பேட்டன்ட் ராயல்டிக்கு 10 சதவீதச் சலுகை விகிதம் உண்டு. இந்தியாவில் உருவாக்கப்பட்டு இங்கே பேட்டன்ட் கிடைத்திருக்க வேண்டும், விண்ணப்பம் நிலுவையில் இருந்தால் போதாது. உங்கள் மொத்த வருமானம் குறைவு என்றால் சாதாரண விகிதமே லாபமாக இருக்கலாம், ஆடிட்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

நண்பரின் பெயர்

நட்புக்காகப் பெயர் சேர்ப்பது நல்ல மனசு. ஆனால் பேட்டன்ட்டில் கூட்டு உரிமையாளராக ஒருவர் வந்துவிட்டால், ஒருவர் சம்மதம் இல்லாமல் மற்றவர் உரிமம் கொடுக்கவோ தன் பங்கை விற்கவோ முடியாது. நாளை அவர் வெளிநாடு போய்விட்டால், அல்லது மனஸ்தாபம் வந்துவிட்டால், உங்கள் குத்தகை நின்றுவிடும். கல்லின் எடையால் பூட்டு இறுக வேண்டும் என்ற யோசனை அவருடையதா, உங்களுடையதா? அவர் நீங்கள் சொன்னதை வரைந்து மட்டும் கொடுத்தார் என்றால் அவர் கண்டுபிடிப்பாளர் அல்ல. ராயல்டியில் இத்தனை பங்கு என்று தனி ஒப்பந்தம் எழுதிக் கொடுங்கள், நட்பும் நிலைக்கும். கேமின் வடிவத்தை அவர்தான் யோசித்தார் என்றால் அவர் பெயரை மறைப்பது தவறு. கண்டுபிடிப்பாளராகச் சேர்த்துவிட்டு, உரிமையை உங்கள் பெயருக்கு எழுதி வாங்குங்கள். இரண்டில் எது என்றாலும், விஷயத்தை வெளியே சொல்ல மாட்டேன் என்ற ஒரு பக்க ஒப்பந்தத்தில் இன்றே அவரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

பட்டறையை மூடாதீர்கள்

கடைசியாக, உங்கள் கணக்கில் நான் மிகவும் கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். உட்கார்ந்த இடத்தில் வருமானம் என்று வீடியோக்களில் சொல்கிறார்களே, அதை நம்பி மகளின் கல்லூரிச் செலவைத் திட்டமிடாதீர்கள். பேட்டன்ட் கிடைக்க ஆண்டுகள் ஆகும். உரிமம் பேசி, கம்பெனி அச்சு வார்த்து, பொருள் சந்தைக்கு வந்து, முதல் ராயல்டி காசோலை உங்கள் கைக்கு வருவதற்குள் மகள் படிப்பையே முடித்துவிடக்கூடும். வந்த பிறகும் கணக்குப் பார்ப்பது, போலி வருகிறதா என்று கடைகடையாகக் கவனிப்பது என்று வேலை இருந்துகொண்டே இருக்கும். ஜேம்ஸ் டைசன் 5,127 மாதிரிகள் செய்து பார்த்துத்தான் பையில்லாத வேக்குவம் கிளீனரை உருவாக்கினார். பெரிய கம்பெனிகள் அவரைத் திருப்பி அனுப்பின. கடைசியில் ஒரு ஜப்பானியக் கம்பெனி உரிமம் எடுத்து 1986இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்த ராயல்டியில் அவர் ஓய்வெடுக்கவில்லை, சொந்தத் தொழில் தொடங்க அதை முதலாக்கினார்.

உங்களிடம் அந்த முதலீட்டில் பாதி இப்போதே இருக்கிறது. லேத்! கோவையில் கிரைண்டர் செய்பவர்களில் பலர் சிறு உற்பத்தியாளர்கள். அவர்களிடம் ராயல்டி ஒப்பந்தம் போட்டு, ஒவ்வொருவர் கணக்கையும் துருவிக்கொண்டு இருக்க உங்களால் முடியாது. அவர்களுக்குப் பூட்டையே பாகமாகச் செய்து கொடுங்கள். உங்கள் ராயல்டி அந்தப் பாகத்தின் விலைக்குள்ளேயே வந்துவிடும், எத்தனை போனது என்ற எண்ணிக்கையும் உங்கள் கையிலேயே இருக்கும். பெரிய பிராண்டுகள், தாங்களே ஆயிரக்கணக்கில் செய்ய வசதி உள்ளவர்கள், அவர்களுக்கு மட்டும் உரிமம். இரண்டும் சேர்ந்து போக வேண்டுமென்றால் உரிமத்தை ஒருவருக்கே தனி உரிமையாகக் கொடுத்துவிடக் கூடாது. கேட்டால், அதற்குத் தனி விலை, அதுவும் உங்கள் சொந்த உற்பத்தியைத் தக்கவைத்துக்கொண்டு. உங்கள் நிலையில் நான் இருந்தால் இந்த வழியில்தான் போவேன்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இவ்வளவுதான். இரண்டு நாள் தேடுங்கள். பதிவு பெற்ற ஒரு ஏஜென்ட்டிடம் போய்த் தற்காலிக விவரக்குறிப்பு தாக்கல் செய்யுங்கள். இரண்டு லிட்டர், மூன்று லிட்டர் டிரம், இடக்கைப் பழக்கத்துக்கு மாற்றி வைப்பது, ஸ்பிரிங்குக்குப் பதில் எதிர் எடை என்று தோன்றுகிற வேறு வடிவங்கள் எல்லாவற்றையும் அதில் எழுதச் சொல்லுங்கள், பிறகு சேர்ப்பவற்றுக்கு இந்தத் தேதி கிடைக்காது. எண் வந்த பிறகு மேலாளரைப் பாருங்கள். அப்போதும் வேலை செய்வதைக் காட்டுங்கள், பிரித்துக் காட்ட வேண்டாம், சாம்பிளை விட்டுவிட்டு வரவும் வேண்டாம். "பேட்டன்ட் பெற்றது" என்று இப்போதைக்கு எங்கேயும் அச்சடிக்காதீர்கள், அதற்கு அபராதம் உண்டு. விண்ணப்பிக்கப்பட்டுள்ளது என்று போடலாம். அம்மா இப்போது வீட்டில் பயன்படுத்தும் அந்தச் சாம்பிளை, விண்ணப்ப எண் வரும்வரை, விருந்தாளிகள் கண்ணில் படாமல் எடுத்து வையுங்கள்.